ஆறில்லாத குடாநாட்டில் மழையையும் நீரோட்டத்தையும் அளத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழையையும் அது ஓடி வடியும் வழிகளையும் அளக்க விரும்பும் பொறியியல் மாணவர்கள், உள்ளூராட்சி மன்ற உத்தியோகத்தர்கள், கமக்காரர் அமைப்புகள், பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. சில விடைகள் நீளமானவை. பொருள் அப்படிப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லையே, நீரோட்டத்தை எதற்காக அளக்க வேண்டும்?

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை என்பது உண்மையே. ஆனால் மாரியில் ஓடும் நீர் இங்கே நிறைய உண்டு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்வெளிகளினூடாக நவாலி, அராலிப் பக்கம் போய்க் கடல்நீரேரியில் சேரும் வழுக்கையாறு அவற்றில் முதன்மையானது. அதற்கு அப்பால் நூற்றுக்கணக்கான வெள்ளவாய்க்கால்கள், குளத்துக்குக் குளம் நீர் கடத்தும் கால்வழிகள், வீதிகளின் கீழுள்ள மதகுகள், தொண்டைமானாறு, அரியாலை, அராலி ஆகிய இடங்களில் உள்ள தடுப்பணைக் கதவுகள் எல்லாம் இருக்கின்றன.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். குடாநாட்டின் பரப்பை ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் என்றும் ஆண்டு மழையை 1,200 மில்லிமீற்றர் என்றும் வைத்துக்கொண்டால், வானத்திலிருந்து விழும் நீர் ஆண்டுக்கு 120 கோடி கனமீற்றர் ஆகிறது. இரணைமடுக் குளம் முழுதாக நிரம்பினால் கொள்ளும் அளவு சுமார் 14 கோடி கனமீற்றர். அதாவது ஓர் இரணைமடுவைப் பல தடவை நிரப்பக்கூடிய நீர் ஒவ்வோர் ஆண்டும் நம் தலைக்கு மேல் பொழிகிறது. அதில் எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளைச் சேர்கிறது, எவ்வளவு கடலுக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் நம்பத்தகுந்த விடை இல்லாமல் நீர்த் திட்டம் எதையும் சரியாக வகுக்க முடியாது. வேறு நீர்வரவு இல்லாத இடத்தில்தான் வரவையும் செலவையும் மிகக் கவனமாக எழுதிவைக்க வேண்டும். மழையை மட்டும் அளந்துவிட்டு வெளியேறும் நீரை அளக்காமல் விடுவது வரவை எழுதிச் செலவை எழுதாத கணக்காகவே முடியும்.

இங்கே மழை எப்போது, எவ்வளவு பெய்கிறது?

ஆண்டுச் சராசரி 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்களவு ஒக்ரோபர், நவம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களில் விழுந்துவிடுகிறது. சித்திரையை ஒட்டிச் சிறுமாரி கொஞ்சம் தரும். பிறகு சோளகக் காற்றோடு நீண்ட வறட்சி வரும்.

சராசரியை விட முக்கியமானது, ஒரே நாளில் எவ்வளவு விழும் என்பது. 2008 நவம்பர் 25ஆம் திகதி நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் 24 மணித்தியாலத்தில் 390 மில்லிமீற்றரை அண்டிய மழை பதிவானது. ஆண்டு முழுவதற்குமான மழையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டியது என்று அதற்குப் பொருள். 2020 டிசெம்பரில் வந்த புரெவிப் புயலும் குடாநாட்டில் பெருவெள்ளத்தை ஏற்படுத்தியது. ஆகவே இங்கே வைக்கும் எந்தக் கருவியும் 2 மில்லிமீற்றர்த் தூறலையும் 400 மில்லிமீற்றர்ப் பேய்மழையையும் ஒருங்கே அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சிறிய பிளாஸ்ரிக் மழைமானிகள் பல 100 அல்லது 150 மில்லிமீற்றரில் நிரம்பி வழிந்துவிடும். நாம் மிகவும் அறிய வேண்டிய நாளில்தான் அவை கைவிடுகின்றன.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் நடைமுறையில் எவ்வளவு நீர்?

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர். நம் ஊர் அளவில், ஓர் ஏக்கருக்கு 16 பரப்பு என்பதால் ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர் வரும். எனவே ஒரு மில்லிமீற்றர் மழைக்கு ஒரு பரப்பில் 253 லீற்றர் விழுகிறது. நாலு பரப்பு வளவொன்றில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் 50,000 லீற்றருக்கு மேல். கமக்காரர்களுக்கு மழை அளவை விளக்கும்போது மில்லிமீற்றரில் நிறுத்திவிடாமல் பரப்புக்கு இத்தனை லீற்றர் என்று சொன்னால், கேட்பவர் உடனே தன் கிணற்றோடும் தோட்டத்தோடும் பொருத்திப் பார்த்துக்கொள்வார்.

மழைமானியை எங்கே வைப்பது?

கருவியின் விலையை விட அது நிற்கும் இடமே அளவீட்டின் தரத்தை அதிகம் தீர்மானிக்கிறது. அருகிலுள்ள மரமோ மதிலோ கட்டடமோ மழைமானியின் வாயை விட எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தூரமாவது விலகியிருக்க வேண்டும். நான்கு மடங்கானால் நல்லது. மழைமானியின் வாய்மட்டத்துக்கு மேல் 14 மீற்றர் உயர்ந்து நிற்கும் பனைக்கு, குறைந்தது 28 மீற்றர் தூரம் வேண்டும். யாழ்ப்பாணத்து வளவு எதிலும் இது இலேசில் கிடைக்காது. மா, பலா, தென்னை, வேம்பு என்று எல்லாப் பக்கமும் மறைப்புத்தான். அதனால் பாடசாலை விளையாட்டுத் திடல், கோயிலின் வெளிவீதி, வயல் வரம்பு, விவசாயப் பண்ணை போன்ற வெளிகளைத் தேடுங்கள். வீட்டுக் கூரையிலோ மொட்டை மாடியிலோ வைக்க வேண்டாம். அங்கே காற்று மேலெழுந்து துளிகளைக் கருவிக்கு அப்பால் கொண்டுபோய்விடும். வாடைக்காற்றோடு சாய்ந்து வரும் மாரி மழையில் இந்தக் குறைபாடு இன்னும் கூடும்.

வாய் கிடைமட்டமாக இருக்க வேண்டும். நீர்மட்டக் கோல் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள நிலம் புல்லாகவோ மணலாகவோ இருப்பது நல்லது; சீமெந்துத் தரையானால் துளிகள் தெறித்து உள்ளே விழும். மாடு, ஆடு வரும் இடமானால் வேலி அவசியம், ஆனால் அந்த வேலி மழைமானியை மறைக்கக் கூடாது.

கையால் அளக்கும் மழைமானி போதுமா, தானியங்கி வேண்டுமா?

இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருகின்றன. கையால் அளப்பது நாளின் மொத்தத்தைத் தரும்; நிலத்தடி நீர் நிரம்பலுக்கும் பயிர்ச்செய்கைக்கும் மாதக் கணக்குக்கும் அது தாராளமாகப் போதும். வடிகால் வடிவமைப்புக்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் அது போதாது. ஒரு நாளில் 80 மில்லிமீற்றர் மெல்ல மெல்லப் பெய்தால் யாழ் நகரில் ஒன்றும் ஆகாது. அதே 80 மில்லிமீற்றர் ஒன்றரை மணித்தியாலத்தில் கொட்டினால் வீதி வெள்ளமாகும். இந்த வேறுபாட்டைக் காட்டுவது நேரத்தோடு பதியும் தானியங்கி மழைமானி மட்டுமே.

பெரும்பாலான தானியங்கிகளில் உள்ளே ஒரு சிறு சாய்கிண்ணம் இருக்கும். 0.2 மில்லிமீற்றர் மழைக்குரிய நீர் நிரம்பியதும் அது ஒரு பக்கம் கவிழ்ந்து, மறுபக்கத்துக் கிண்ணம் மேலே வரும். ஒவ்வொரு கவிழ்வும் நேரத்தோடு பதிவாகும். இதைச் சரிபார்ப்பது எளிது. வாயின் விட்டம் 200 மில்லிமீற்றரானால் அதன் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர். எனவே 314 மில்லிலீற்றர் நீர் 10 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். அதை அடியில் ஊசித் துளையிட்ட போத்தலிலிருந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் மெதுவாக விட்டால் 50 கவிழ்வுகள் வர வேண்டும். 47 மட்டுமே வந்தால் கருவி குறைத்துக் காட்டுகிறது. வேகமாக ஊற்றினால் நல்ல கருவியிலும் எண்ணிக்கை குறையும், ஏனெனில் கிண்ணம் கவிழும் கணத்திலும் நீர் விழுந்துகொண்டே இருக்கிறது. கடும் மழையில் இத்தகைய மழைமானிகள் குறைத்துக் காட்டுவதற்கும் அதுவே காரணம்.

இதனால்தான் தானியங்கி வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானியும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். தானியங்கி நேரத்தைச் சொல்லும். சாதாரண மழைமானி மொத்தத்தைச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் எதையோ திறந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் இருப்பது வேப்பம்பூ, பறவை எச்சம், சிலந்திவலை அல்லது எறும்புப் புற்று. ஆறு மாத வறட்சியில் புனலின் துளை அடைபட்டு, ஒக்ரோபரின் முதல் மழை உள்ளே தேங்கி நின்று சொட்டுச் சொட்டாக இறங்கும். பதிவில் அது பல மணித்தியாலம் பெய்த தூறலாகத் தெரியும். புரட்டாதி முடிவதற்குள் ஒவ்வொரு மழைமானியையும் கழற்றிக் கழுவுவதை ஆண்டு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஏன் காலை 8.30 மணி?

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த மழைக் கணக்கு காலை 8.30க்கு முடியும் 24 மணித்தியாலத்துக்கானது. நீங்களும் அதே நேரத்தில் அளந்தால்தான் உங்கள் எண் மற்ற நிலையங்களின் எண்ணோடு பொருந்தும். 25ஆம் திகதி காலை அளந்த நீரில் பெரும்பகுதி 24ஆம் திகதி பெய்தது என்பதை மறக்க வேண்டாம். அளந்த திகதியா, பெய்த திகதியா என்று கொப்பியின் முதற்பக்கத்தில் ஒரு தடவை எழுதிவிட்டால் பின்னால் வருபவருக்குக் குழப்பம் இராது.

செய்மதியும் ராடாரும் இருக்கும்போது மழைமானி எதற்கு?

செய்மதி மழைத் தரவுகளை எவரும் இணையத்தில் இலவசமாகப் பெறலாம். 2014இல் ஏவப்பட்ட உலகளாவிய மழைவீழ்ச்சி அளவீட்டுச் செய்மதியை மையமாகக் கொண்ட தரவு அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஏறத்தாழ 11 கிலோமீற்றர்ச் சதுரக் கட்டங்களில் கிடைக்கிறது. ஆனால் அந்த அளவில் வலிகாமம் முழுவதுமே ஒரு சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். கட்டம் ஒன்றில் பாதி கடலாகவும் இருக்கும். மருதனார்மடத்தில் கொட்டி மானிப்பாயில் தூறாத மழையை அது காட்டாது. காரைக்காலில் உள்ள இந்திய டொப்ளர் ராடாரின் படங்கள் நமக்கு மிகவும் பயன்படுகின்றன; புயல் நெருங்கும்போது மழைப்பட்டைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று அதில் காணலாம். ஆயினும் காரைக்கால் இங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அவ்வளவு தூரத்தில் ராடாரின் கதிர் தரையிலிருந்து 2 கிலோமீற்றருக்கு மேலாகவே செல்கிறது. தரையில் எவ்வளவு விழுந்தது என்பதைத் தரையில்தான் அளக்க வேண்டும்.

மதகில் அல்லது வாய்க்காலில் ஓடும் நீரை எப்படி அளப்பது?

ஒரு செக்கனில் ஒரு குறுக்குவெட்டைக் கடக்கும் நீரின் கனவளவே பாய்வு. குறுக்குவெட்டின் பரப்பை நீரின் சராசரி வேகத்தால் பெருக்கினால் அது கிடைக்கும்.

கருவி எதுவும் இல்லாமல் தொடங்குவதானால் இப்படிச் செய்யலாம். வழுக்கையாற்றில், வளைவில்லாத, புதர் இல்லாத, அகலம் அதிகம் மாறாத ஒரு துண்டைத் தெரிவுசெய்து, 10 மீற்றர் இடைவெளியில் இரு கரைகளுக்கும் குறுக்காக இரண்டு கயிறுகள் கட்டுங்கள். ஒவ்வொரு கயிற்றடியிலும் அரை மீற்றருக்கு ஓர் இடமாக ஆழத்தைத் தடியால் அளந்து பரப்பைக் கணியுங்கள். பிறகு ஒரு தோடம்பழத்தை மேல் கயிற்றுக்குச் சற்று முன்னால் போட்டு, முதற் கயிற்றிலிருந்து இரண்டாம் கயிற்றுக்கு வரும் நேரத்தைக் குறியுங்கள். தோடம்பழம் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது; வெறும் பிளாஸ்ரிக் போத்தலை வாடைக்காற்று இழுத்துக்கொண்டு போய்விடும். நடுவிலும் இரு பக்கங்களிலும் பல தடவை செய்து சராசரி எடுங்கள்.

அகலம் 4 மீற்றர், சராசரி ஆழம் 0.5 மீற்றர், மிதவை 10 மீற்றரை 20 செக்கனில் கடக்கிறது என்று கொள்வோம். மேற்பரப்பு வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர். அடியில் உராய்வு இருப்பதால் சராசரி வேகம் மேற்பரப்பு வேகத்தின் 0.85 பங்கு அளவே, எனவே 0.425 மீற்றர். பரப்பு 2 சதுர மீற்றர். பாய்வு செக்கனுக்கு 0.85 கனமீற்றர். மணித்தியாலத்துக்கு 3,060 கனமீற்றர், அதாவது 10,000 லீற்றர்ப் பவுசர்கள் 306. பங்குனியில் பவுசருக்குக் காத்திருக்கும் ஒரு கிராமத்துக்கு இந்த எண்ணின் பெறுமதி நன்கு விளங்கும்.

மிதவை முறையில் பத்துப் பதினைந்து வீதப் பிழை இயல்பு. திருத்தமாக வேண்டுமானால் சுழலி பூட்டிய ஓட்டமானியைப் பயன்படுத்துங்கள். ஆழம் குறைந்த இடத்தில் மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் ஓர் அளவீடு போதும். முக்கால் மீற்றருக்கு மேற்பட்ட ஆழமானால் 0.2, 0.8 பங்குகளில் இரண்டு எடுத்துச் சராசரி காணுங்கள். எந்தத் துண்டிலும் மொத்தப் பாய்வின் பத்து வீதத்துக்கு மேல் வராதபடி குறுக்குவெட்டைப் பிரியுங்கள்.

ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் இறங்க வேண்டுமா?

வேண்டாம். மதகுச் சுவரில் சென்ரிமீற்றர்க் கோடுகள் உள்ள ஓர் அளவுகோல் பலகையைப் பூட்டிவிட்டு, வெவ்வேறு நீர்மட்டங்களில் பாய்வை அளந்து வாருங்கள். ஒரு மாரியில் தாழ்மட்டம், நடுமட்டம், உயர்மட்டம் என எல்லாவற்றிலும் போதிய அளவீடுகள் சேர்ந்ததும் மட்டத்துக்கும் பாய்வுக்கும் இடையிலான வளைகோட்டை வரையலாம். அதன்பின் பலகையைப் பார்த்தாலே பாய்வு தெரியும். கரையில் நிற்கும் ஒருவர் கைத்தொலைபேசியில் பலகையைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் அவசியம். வளைகோட்டை அளந்த உச்ச மட்டத்துக்கு மேல் நீட்டிச் செல்ல வேண்டாம். நீர் கரையை மேவி வயலுக்குள் பரவியதும் பழைய தொடர்பு செல்லாது. ஆகாயத்தாமரையோ சம்போ வளர்ந்தால் அதே பாய்வுக்கு மட்டம் உயர்ந்து காட்டும். வாய்க்கால் தூர்வாரப்பட்டால் எதிர்மாறாகும். எனவே ஒவ்வொரு மாரித் தொடக்கத்திலும் இரண்டு மூன்று அளவீடுகள் எடுத்து வளைகோடு இன்னும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது எச்சரிக்கை யாழ்ப்பாணத்துக்கே உரியது. குடாநாட்டின் நிலம் தட்டையானது. அராலியை அண்டிய கீழ்ப்பகுதியில் கடல்நீரேரியின் மட்டம் உயர்ந்திருந்தாலோ தடுப்பணைக் கதவுகள் மூடியிருந்தாலோ நீர் பின்னோக்கித் தேங்கி நிற்கும். பலகை உயர்ந்த மட்டத்தைக் காட்டும், ஆனால் நீர் ஓடாது. அங்கே ஒரு பலகை போதாது. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பலகைகள் வைத்து மட்ட வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும், அல்லது அளவிடும் இடத்தைத் தேங்கல் எட்டாத மேற்பகுதிக்கு, சண்டிலிப்பாய்ப் பக்கத்துக்கு, நகர்த்த வேண்டும்.

தடுப்பணைக் கதவுகளால் வெளியேறும் நீரை அளக்க முடியுமா?

முடியும். குடாநாட்டின் நீர்க்கணக்கில் மிகப் பெரிய இடைவெளி இதுவே என்பது என் எண்ணம். வடமராட்சிக் கடல்நீரேரிக்குத் தொண்டைமானாறு, உப்பாற்றுக்கு அரியாலை, வழுக்கையாற்றுக்கு அராலி என்று வெளியேறும் வாசல்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. உவர்நீர் உள்ளே வராமல் தடுத்து நன்னீரைத் தேக்குவதற்காகவே அவை கட்டப்பட்டன. வெள்ளம் வரும்போது கதவுகள் திறக்கப்படுகின்றன.

கதவு உயர்த்தப்பட்ட அளவும் உள்மட்டமும் வெளிமட்டமும் தெரிந்தால் பாய்வைக் கணிக்கலாம். 2 மீற்றர் அகலக் கதவை 0.3 மீற்றர் உயர்த்தி, திறப்புக்கு மேல் ஒரு மீற்றர் நீர் நிற்க, வெளிப்புறம் தடையின்றி விழுகிறது என்று கொண்டால், பாய்வுக் குணகத்தை (திறப்பில் நீர் ஒடுங்கி ஓடுவதற்கான குறைப்பு எண்) 0.6 என வைத்து, செக்கனுக்கு ஏறத்தாழ 1.6 கனமீற்றர் வரும். வெளிமட்டம் திறப்புக்கு மேல் எழுந்தால் இரு மட்டங்களின் வேறுபாட்டைக் கொண்டு கணிக்க வேண்டும். இதற்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த கருவி அல்ல: எந்தக் கதவு, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயர்த்தப்பட்டது, எப்போது இறக்கப்பட்டது, அப்போது இரு பக்க மட்டங்கள் என்ன என்று எழுதப்பட்ட ஒரு கொப்பி. பத்து மாரிகளுக்கு அந்தக் கொப்பி ஒழுங்காக இருந்தால், 1950களில் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு’ போன்ற திட்டங்களை ஊகத்தால் அல்லாமல் எண்களால் விவாதிக்கலாம். கனகராயன் ஆற்றின் நீர் ஆனையிறவுக் கடல்நீரேரியிலிருந்து கடலுக்குப் போய் வீணாகாமல், வடமராட்சிக் கடல்நீரேரிக்குத் திருப்பப்பட வேண்டும் என்பதே அந்தத் திட்டத்தின் உள்ளடக்கம். அதன் இரு முனைகளிலும் அளவீடு வேண்டும்.

சிறிய வாய்க்காலுக்கு எது ஏற்றது?

வீட்டுத்திட்டம், சந்தை, தொழிற்கூடம் போன்றவற்றிலிருந்து வரும் ஒடுங்கிய வாய்க்காலுக்கு 90 பாகை முக்கோண வெட்டுள்ள தகடு மிகவும் ஏற்றது. வெட்டின் அடியிலிருந்து நீர்மட்டம் 20 சென்ரிமீற்றரானால் பாய்வு செக்கனுக்கு ஏறத்தாழ 25 லீற்றர். ஆனால் மட்டத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்பப் பாய்வு மாறுவதால், அதே இடத்தில் ஒரு சென்ரிமீற்றர் கூட வாசித்தால் விடை 13 வீதம் பிழைக்கும். மட்டத்தை வெட்டுக்கு நேரே அளக்காமல், நீர் வளைந்து இறங்கத் தொடங்குவதற்கு முன், சற்று மேலே அளக்க வேண்டும். தகட்டின் பின்னால் மண் சேர்ந்தால் உடனே அகற்றுங்கள்.

நீர்மட்டச் சென்சர்களில் எதை வாங்குவது?

நீருக்குள் இறக்கும் அழுத்தச் சென்சர் மலிவானது, ஆனால் வளியமுக்கத்தையும் சேர்த்தே உணரும். ஒரு ஹெக்ரோபாஸ்கல் மாற்றம் ஒரு சென்ரிமீற்றர் நீருக்குச் சமம். தாழமுக்கம் ஒன்று நெருங்கி வளியமுக்கம் 10 ஹெக்ரோபாஸ்கல் விழுந்தால், திருத்தாத சென்சர் வெள்ள நாளிலேயே 10 சென்ரிமீற்றர் குறைத்துக் காட்டும். எனவே வளியமுக்கத்தைப் பதியும் இன்னொரு சென்சர் தேவை. மேலிருந்து ஒலியலையால் அளப்பது நீரைத் தொடாததால் உவர்நீர் அரிப்புக்குத் தப்பும். ஆனால் ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். 3 மீற்றர் தூரத்தில் 10 பாகை செல்சியஸ் வேறுபாடு 5 சென்ரிமீற்றர்ப் பிழை தரும். வெப்பத் திருத்தம் உள்ளதை நிழலில் பூட்டுங்கள். ராடார் வகை இவ்விரண்டையும் விட நம்பகமானது, விலையும் கூட.

எதை வாங்கினாலும் அளவுகோல் பலகையை அகற்ற வேண்டாம். சென்சர் சொல்வது சரிதானா என்று பார்க்க வேறு வழியில்லை. கடற்கரைக்கு அண்மையில் உப்புக்காற்று இணைப்புகளை விரைவில் அரித்துவிடும் என்பதால் பற்றரி முனைகளுக்கு மசகு பூசி, பெட்டியை இறுக மூடுங்கள்.

நீரின் தரத்துக்கும் இந்த அளவீட்டுக்கும் என்ன தொடர்பு?

செறிவு மட்டும் தெரிந்தால் மாசின் அளவு தெரியாது. நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 40 மில்லிகிராம் உள்ள நீர் செக்கனுக்கு 0.5 கனமீற்றர் ஓடினால் ஒரு நாளில் 1,700 கிலோகிராமுக்கு மேல் நைத்திரேற்று கடல்நீரேரிக்குப் போகிறது. அதே செறிவோடு ஒரு சிறு கசிவு மட்டும் ஓடினால் சில கிலோகிராமே. வெங்காயம், புகையிலை, மரக்கறித் தோட்டங்களில் இடும் உரம் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்வது நெடுங்காலமாக அறியப்பட்ட பிரச்சினை; குடிநீருக்கான உலக சுகாதார நிறுவன வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் வெள்ளம் வீதி எண்ணெய், குப்பை, மலக்கழிவு எல்லாவற்றையும் அள்ளி வரும். நீர்மட்டம் ஏறும்போது எடுத்த மாதிரிக்கும் இறங்கும்போது எடுத்ததற்கும் பெரும் வேறுபாடு இருக்கும். ஆகவே ஒவ்வொரு போத்தலிலும் திகதியோடு மணியையும் பலகை வாசிப்பையும் எழுதுங்கள். வெள்ளம் வடிந்து, வெயில் எறித்தபின் எடுக்கும் மாதிரி அழகாகத் தெளிந்திருக்கும், ஆனால் அது நமக்கு ஒன்றும் சொல்லாது.

கிணற்று நீர்மட்டத்தையும் அளக்க வேண்டுமா?

கட்டாயம் அளக்க வேண்டும். இங்கே மழையின் பெரும் சேமிப்பறை சுண்ணக்கல்தான். கடற்கரைத் தீவகங்களிலும் குடாநாட்டிலும் நன்னீர், கனமான உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கோட்பாட்டின்படி கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மேலே 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கீழே உவர்நீர் 4 மீற்றர் ஏறக்கூடும். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணக்கல்லில் இந்தக் கணக்கு இடத்துக்கிடம் மாறும், ஆயினும் போக்கு இதுதான்.

இறைக்காத கிணறு ஒன்றைத் தெரிந்து, கட்டின் மேல் ஓர் அடையாளம் இட்டு, அங்கிருந்தே ஒவ்வொரு கிழமையும் நீர்மட்டத்தை அளங்கள். கூடவே மின்கடத்துதிறனையும் அளந்தால் உவர்த்தன்மை தெரியும். மழைப் பதிவுக்குப் பக்கத்தில் கிணற்று மட்டத்தை வரைந்தால், எத்தனை மில்லிமீற்றர் பெய்தபின் கிணறு ஏறத் தொடங்குகிறது, ஏறிய நீர் எத்தனை நாளில் இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். குளம் தூர்வாரியதன் பயனையும் அப்படித்தான் நிறுவலாம்.

வடிகால் வடிவமைக்க இந்தத் தரவை எப்படிப் பயன்படுத்துவது?

சிறு நகர்ப்பகுதிகளுக்கு எளிய கணக்கு போதும். 10 ஹெக்ரேயர்ப் பரப்பில், மழையின் 60 வீதம் ஓடிவரும் நிலையில், மணித்தியாலத்துக்கு 60 மில்லிமீற்றர் வேகத்தில் பெய்தால், வடிகாலுக்குச் செக்கனுக்கு ஒரு கனமீற்றர் வரும். ஓடிவரும் பங்கு முற்றத்துக்கு முற்றம் மாறும்: மணல் முற்றம் நீரைக் குடித்துவிடும், சீமெந்துக் கல் பதித்த முற்றம் முழுவதையும் வீதிக்கு அனுப்பும். மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிமீற்றர் என்ற எண்ணை எங்கிருந்தோ கடன் வாங்காமல், யாழ்ப்பாணத்துத் தானியங்கிப் பதிவுகளிலிருந்தே பெற வேண்டும். மதகொன்றை மண்போட்டு மூடி மதில் கட்டுவதற்கு அனுமதி கேட்கும்போதும், ‘இந்த மதகால் இத்தனை கனமீற்றர் ஓடியது’ என்ற பதிவு கையில் இருந்தால் விவாதம் வேறாக இருக்கும்.

ஒரு நாள் அளக்க முடியாமற் போனால் என்ன எழுதுவது?

அளக்கவில்லை என்று எழுதுங்கள். 0 என்று எழுத வேண்டாம், வெறுமையாகவும் விட வேண்டாம். 0 என்றால் அளந்து பார்த்தோம், மழை இல்லை என்று பொருள். இரண்டு நாள் நீரைச் சேர்த்து அளந்திருந்தால், இரு நாள் மொத்தம் என்று குறியுங்கள். பாதி பாதியாகப் பிரிக்க வேண்டாம். போர்க் காலத்தில் வடக்கின் பல நிலையங்களில் பதிவுகள் அறுந்துபோயின, அந்த இடைவெளிகளின் இழப்பை நீரியல் கணிப்புச் செய்யும் எவரும் இன்றும் உணர்கிறார்கள். இடைவெளியை மறைக்காமல் காட்டும் பதிவைத் திருத்திப் பயன்படுத்தலாம். கற்பனை எண்களால் நிரப்பிய பதிவைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வெள்ளத்தின்போது அளக்கப் போகலாமா?

தனியாகப் போக வேண்டாம், முழங்காலுக்கு மேற்பட்ட ஓடும் நீரில் இறங்க வேண்டாம், இரவில் மதகடிக்குப் போக வேண்டாம். 2018 டிசெம்பரில் இரணைமடு வான்பாய்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஏற்பட்ட வெள்ளம், நீர் எவ்வளவு விரைவில் ஏறக்கூடும் என்பதைக் காட்டியது. உச்ச மட்டத்தை அறிய அங்கே நிற்க வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்ததும் சுவரிலும் மரத்திலும் படிந்த சேற்றுக் கோட்டை அடையாளமிட்டு, பிறகு மட்டக்கருவியால் அதன் உயரத்தை எடுக்கலாம்.

யாரிடம் அனுமதி பெறுவது, தரவை யாரிடம் கொடுப்பது?

தடுப்பணை, குளம், வாய்க்கால் எதிலும் பலகையோ தகடோ பூட்டுமுன், அது நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியதா, கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியதா, பிரதேச சபைக்கு உரியதா என்று விசாரித்து எழுத்தில் அனுமதி பெறுங்கள். அறியாமல் பூட்டிய பலகையை அடுத்த தூர்வாரலில் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். தரவின் ஒரு பிரதியை அந்த நிறுவனத்துக்கும், ஒரு பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கும், ஒன்றைக் கிராம நூலகத்துக்கும் கொடுங்கள். வெள்ள நிலைமையில் வாசிப்புகள் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். பிரதியோடு, கருவியின் வகை, வாயின் விட்டம், நின்ற இடத்தின் அமைவிடம், அதை மாற்றிய திகதி, அண்மையில் வெட்டப்பட்ட அல்லது வளர்ந்த மரங்கள் ஆகிய விபரங்களும் இணைக்கப்பட வேண்டும். மழைமானியை 30 மீற்றர் நகர்த்தியதை எழுதாமல் விட்டால், அதனால் எழுந்த மாற்றத்தை இருபது ஆண்டுக்குப் பின் ஒருவர் காலநிலை மாற்றமென்று கணித்துவிடக்கூடும்.